பழைய போலோ ஜிடியா, ஐ20 என் லைனா? உள்பக்கம் எது தாங்கும்?

நிழல்தேடி:
வணக்கம். இரண்டு பழைய கார் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று 2021 ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ ஆட்டோமேட்டிக், 38,000 கிலோமீட்டர் ஓடியது. இன்னொன்று 2022 ஹூண்டாய் ஐ20 என் லைன் என்8, டிசிடி (இரட்டை கிளட்ச்) கியர்பாக்ஸ், 31,000 கிலோமீட்டர். இரண்டும் சென்னை வண்டிகள். விலையில் இருபதாயிரம்தான் வித்தியாசம். போலோ 110 குதிரை, ஐ20 120 குதிரை, இரண்டுமே ஒரு லிட்டர் டர்போ. ஓஎம்ஆரில் எதை மிதித்தாலும் சிரிப்பு வருகிறது. ஆகவே எஞ்சின் பேச்சு வேண்டாம்.

கேள்வி உள்பக்கம் பற்றி. வீடு திருவான்மியூர், கடற்கரைக்கு நடந்தே போய்விடலாம். மூடிய பார்க்கிங் கிடையாது, வண்டி தெருவில்தான் நிற்கும். இன்னும் எட்டு வருஷமாவது வைத்துக்கொள்வேன். போன கார் (பெயர் வேண்டாம்) ஆறாவது வருஷத்தில் கதவுக் கைப்பிடியும் நடு கன்சோலும் பலாப்பழம் அறுத்த கை மாதிரி பிசுபிசுக்க ஆரம்பித்தது. மகள் நோட்டு அட்டையை அதன்மேல் வைத்தால் ஒட்டிக்கொண்டு பிய்ந்து வரும். அந்த அனுபவம் மறுபடி வேண்டாம்.

மூன்றாம்கியர்:
போலோ. யோசிக்கவே வேண்டாம். கதவை ஒருமுறை சாத்திப் பாருங்கள், அந்த 'தொம்' என்ற சத்தமே பதில் சொல்லும்.

சத்தத்தை விட்டாலும் கணக்கு ஒன்று இருக்கிறது. போலோ இந்தியாவுக்கு 2010-இல் வந்தது, 2022 வரை கிட்டத்தட்ட அதே உடலோடு விற்றார்கள். பன்னிரண்டு வயது போலோ உங்கள் தெருவிலேயே ஒன்று நிற்கும், கண்ணாடி வழியாக எட்டிப் பாருங்கள். பரீட்சை எழுதி முடித்த பையன் அவன். இந்த ஐ20 2020 நவம்பரில்தான் வந்தது, என் லைன் 2021-இல். அதற்கு இன்னும் ரிசல்ட்டே வரவில்லை.

அப்புறம் சீட். ஜிடியில் துணி சீட். என் லைனில் சிவப்புத் தையல் போட்ட ரெக்ஸின். கடற்கரை ஓரம், தெருவில் பார்க்கிங்; எது உரியும் என்று நீங்களே சொல்லுங்கள்.

இருங்காட்டுக்கோட்டை_எக்ஸ்பிரஸ்:
கதவுச் சத்தத்தை வைத்துக் கார் வாங்கினால் பீரோ வாங்கலாம் அண்ணே. அதுவும் 'தொம்' என்றுதான் சாத்தும்.

அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது? கதவைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங், தகட்டுக்குப் பின்னால் ஒட்டும் தார் ஷீட், பூட்டு உட்காரும் விதம். டாஷ்போர்டு பிளாஸ்டிக் பத்து வருஷம் வெளுக்காமல் இருக்குமா என்பதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

பரீட்சை கதைக்கும் வருகிறேன். போலோ பாஸ் பண்ணியது உண்மை, ஆனால் பள்ளிக்கூடத்தையே மூடிவிட்டார்கள். எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் பயமில்லை, அதே டிஎஸ்ஐ எஞ்சின் ஃபோக்ஸ்வாகனின் டைகுனிலும் விர்டஸிலும் ஓடுகிறது. ஆனால் ஏசி வென்ட் மூடி, கண்ணாடி ஸ்விட்ச், டோர் பேட் எல்லாம்? எட்டு வருஷத்தில் ஒரு வென்ட் இலை உடைந்தால் புதுப்பேட்டையில் கடை கடையாக ஏறி இறங்க வேண்டும். கேட்டவர் உள்பக்கம்தான் முக்கியம் என்கிறார். உடையாதது எது என்று மட்டும் பார்த்தால் போதாது, உடைந்தால் கிடைப்பது எது என்றும் பார்க்க வேண்டும். ஐ20 எங்கள் இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையில் செய்த வண்டி.

மூன்றாம்கியர்:
உங்கள் இருங்காட்டுக்கோட்டையில் ரேஸ் மைதானமும் இருக்கிறது தம்பி. அதில் போலோ கப் நடந்ததை நான் வெயிலில் நின்று பார்த்திருக்கிறேன். சரி, அது கிடக்கட்டும்.

துணி சீட் பற்றிப் பேசாமல் நழுவிவிட்டீர்களே?

இருங்காட்டுக்கோட்டை_எக்ஸ்பிரஸ்:
நழுவவில்லை. அவருக்கு மகள் இருக்கிறாள். ஒரு டம்ளர் பால் துணி சீட்டில் கொட்டட்டும், சித்திரை வெயிலில் மூன்று நாள் கழித்துக் கதவைத் திறக்கட்டும். அப்புறம் துணியா ரெக்ஸினா என்று கேளுங்கள். ரெக்ஸின் என்றால் ஈரத்துணியால் ஒரு இழுப்பு, முடிந்தது.

தையல்மிஷின்:
இருபத்திரண்டு வருஷமாக ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு பக்கம் சீட் வேலை செய்கிறேன். இரண்டு பேர் சொல்வதிலும் பாதி சரி.

முதலில் அந்தப் பிசுபிசுப்பு. அது பிளாஸ்டிக் இளகுவது கிடையாது. கடினமான பிளாஸ்டிக்கின் மேல் தொட்டால் ரப்பர் மாதிரி இருக்கட்டும் என்று ஒரு பூச்சு அடித்திருப்பார்கள், பாலியூரிதேன். ஈரக்காற்றும் சூடும் சேர்ந்து பல வருஷம் தாக்கினால் அதன் கட்டு விட்டுப்போய் பசையாகிவிடும். ஐசோபுரோபைல் ஆல்கஹால் நனைத்த துணியால் பொறுமையாகத் தேய்த்தால் பூச்சு முழுக்க வந்துவிடும், அடியில் சாதாரணக் கறுப்பு பிளாஸ்டிக் நிற்கும். ஷோரூமில் தொட்டுப் பார்த்து 'ஆகா, மெத்தென்று இருக்கிறது' என்று மயங்குகிறோமே, பெரும்பாலும் அதுதான் முதலில் கெடும் இடம். தட்டினால் டொக் டொக் என்று கேட்கும் கெட்டி பிளாஸ்டிக்கைப் பார்த்து எல்லோரும் மட்டம் என்கிறார்கள். நிறமே உள்ளே கலந்து வார்த்தது அது. கீறும், ஆனால் உரிய எதுவும் அதில் இல்லை.

அடுத்து ரெக்ஸின். எல்லாவற்றையும் ஒரே பெயரில் சொல்கிறோம், உள்ளுக்குள் இரண்டு ஜாதி. பிவிசி வகை வருஷக்கணக்கில் வெயிலில் கிடந்தால், அதை வளைய வைக்கும் எண்ணெய்ப் பொருள் மெல்ல ஆவியாகி விறைத்து வெடிக்கும். முன் கண்ணாடியின் உள்பக்கம் மங்கலாகப் படிகிறதே, அதில் அந்த ஆவிக்கும் பங்கு உண்டு. பியூ, அதாவது பாலியூரிதேன் வகை தொட மென்மை, ஈரத்தில் மேல்தோல் செதில் செதிலாக வரும். எதுவானாலும் பார்க்க வேண்டிய இடம் ஒன்றுதான்: ஓட்டுநர் சீட்டின் வலப்பக்க மேடு. ஏறி இறங்கும்போது தொடை உரசும் இடம். இரண்டு விரலால் லேசாகக் கிள்ளுங்கள். சுருக்கம் உடனே மறைந்தால் உயிர் இருக்கிறது. வெள்ளைக் கோடாக நின்றால் காய்ந்துவிட்டது.

துணி உரியாது, உண்மை. ஆனால் குடிக்கும். தலைசாய்மானத்தில் தேங்காய் எண்ணெய், முதுகுப் பக்கம் வியர்வை உப்பு. அலசிப் போடலாம். அலசிய பிறகு காயாவிட்டால் வரும் வாடை பால் வாடையை விட மோசம்.

இதையெல்லாம் விட முக்கியமான ஒன்றை யாரும் கேட்கவில்லை. 2021 வண்டி, 2022 வண்டி, இரண்டும் சென்னை. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்தன்று இவை எங்கே நின்றன? எட்டு வருஷம் தாங்குமா என்பதற்கு முன்னால் அதைக் கேளுங்கள். தண்ணீர் ஏறிய வண்டிக்கு வெளியே பாலிஷ், உள்ளே புது மேட், வாசனைக்கு ஒரு பாட்டில் என்று போட்டுவிடுவார்கள். மேட்டை எடுத்துவிட்டுத் தரைவிரிப்பை உள்ளங்கையால் அழுத்துங்கள், அடியில் உள்ள ஃபோம் ஈரத்தை மாதக்கணக்கில் வைத்திருக்கும். சீட் தண்டவாளத்தின் போல்ட்டில் துரு, ஸ்டெப்னி குழியில் வண்டல் பாருங்கள். பின் சீட் பெல்ட் நான்கையும் கடைசிவரை இழுத்துப் பாருங்கள், உள்ளே சுருண்டு கிடக்கும் பகுதியை யாரும் துவைப்பதில்லை.

மூன்றாம்கியர்:
பின் சீட்டில் மூன்று பெல்ட்தான் மாஸ்டர்.

தையல்மிஷின்:
சரி, மூன்று. இருப்பதை இழுங்கள்.

வெயில்கணக்கு:
சூடு சூடு என்கிறீர்களே, எவ்வளவு என்று ஒரு கணக்கு. அரிசோனா மாகாணப் பல்கலைக்கழகத்தில் செய்த ஆய்வு 2018-இல் வந்தது. வெயிலில் ஒரு மணி நேரம் நிறுத்திய கார்களில் டாஷ்போர்டு சராசரி 69 டிகிரி, ஸ்டியரிங் 53, சீட் 51. நிழலில் நிறுத்தியவற்றில் டாஷ்போர்டு 48, ஸ்டியரிங் 42, சீட் 41. அரிசோனா வறண்ட ஊர். நமக்கு அதனோடு கடல் ஈரமும் இலவசம்.

இருபது டிகிரி வித்தியாசம் எந்த பிராண்டாலும் வருவதில்லை, வேப்பமரத்தால் வருகிறது. நீங்கள் இருவரும் சண்டை போட்டு முடிப்பதற்குள் அவர் முன் கண்ணாடிக்கு ஒரு வெள்ளி மடிப்புத் திரை வாங்கிவிடலாம்.

இருங்காட்டுக்கோட்டை_எக்ஸ்பிரஸ்:
வேப்பமரத்தடியில் நிறுத்தினால் பிசினும் காக்கா எச்சமும் பெயிண்டைத் தின்றுவிடும். அதற்கு வேறு பஞ்சாயத்து.

ரெக்ஸினைக் கெடுப்பது வெயில் மட்டும் இல்லை, நாமும்தான். கொரோனா சமயத்தில் கையில் சானிடைசர் தடவி ஈரத்தோடு ஸ்டியரிங் பிடித்தவர்கள் எத்தனை பேர்? தோல் ஸ்டியரிங்கின் மேல்பூச்சை ஆல்கஹால் அரித்துவிடும். 2021 வண்டி என்றால் போலோவின் ஸ்டியரிங்கை நன்றாகப் பாருங்கள். அதுவும் தோல் சுற்றியதுதான்.

மூன்றாம்கியர்:
2022 வண்டி மட்டும் சானிடைசர் பார்க்காததா? பார்க்கட்டும், பயமில்லை. ஆனால் நட்சத்திரக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். குளோபல் என்கேப் மோதல் சோதனையில் போலோ 4, ஐ20 3.

இருங்காட்டுக்கோட்டை_எக்ஸ்பிரஸ்:
போலோ சோதனை 2014, ஐ20 சோதனை 2022. எட்டு வருஷ இடைவெளியை விழுங்கிவிட்டுப் பேசாதீர்கள். தவிர இது உள்பக்க இழை. பின்னால் கால் வைக்க இடம் வேண்டுமானால் அதையும் பேசலாம், உங்களுக்குத்தான் சங்கடம்.

மூன்றாம்கியர்:
அது மட்டும் ஒப்புக்கொள்கிறேன். போலோவின் பின் சீட் என் மாமியாருக்குப் பிடிக்காது. எனக்கு அதில் வருத்தமும் இல்லை.

நிழல்தேடி:
ஞாயிற்றுக்கிழமை இரண்டையும் மறுபடி பார்த்துவிட்டு வந்தேன். காலையில் வரச் சொன்னார்கள், நான் பிடிவாதமாக மதியம் ஒரு மணிக்குப் போனேன். வெயிலில் நின்ற வண்டியின் கதவைத் திறந்தால்தான் வாடையும் பிசுக்கும் தெரியும் என்று பட்டது.

முதலில் போலோ. டாஷ்போர்டு அப்படியே கெட்டியாக இருக்கிறது, மூன்றாம்கியர் சொன்னதில் தப்பில்லை. வென்ட், கிளவ் பாக்ஸ், எதிலும் ஆட்டம் இல்லை. கரடுமுரடான பேவர் பிளாக் தெருவில் பாட்டை நிறுத்தி, ஏசியை ஒன்றில் வைத்து ஓட்டினேன், ஒரு சத்தமும் இல்லை. துணி சீட் புதிது மாதிரி சுத்தம். அந்தச் சுத்தம்தான் கொஞ்சம் உறுத்தியது. பின் இடது பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தேன். முதல் பாதி சாம்பல் கறுப்பு. அப்புறம் ஒரு சாண் அளவுக்கு டீ சிந்திய நிறத்தில் கறை, அதன் ஓரத்தில் நேர்க்கோடு போட்ட மாதிரி ஒரு விளிம்பு. விரலால் தடவினால் மாவு மாதிரி பொடி வந்தது. விற்பவரைப் பார்த்தேன். "குழந்தை காபி கொட்டியிருக்கும் சார்" என்றார். காபி பெல்ட்டின் உள்சுருளுக்குள் எப்படிப் போகும் என்று நான் கேட்கவில்லை. முன் சீட்டுக்கு அடியில் போனை நீட்டிப் படம் எடுத்தேன், நான்கு போல்ட்டில் மூன்று செங்கல் நிறம்.

பிறகு ஐ20. வலப்பக்க மேட்டைக் கிள்ளினேன், சுருக்கம் உடனே போய்விட்டது. தலைசாய்மானத்தில் எண்ணெய்ப் பளபளப்பு இருக்கிறது, துடைத்தால் வருகிறது. கியருக்குப் பக்கத்தில் பளபள கறுப்புப் பட்டி முழுக்கப் பூனை பிறாண்டிய மாதிரி கீறல். சன்ரூஃப் ஸ்விட்சைச் சுற்றி விபூதி. பெல்ட் மூன்றும் சுத்தம், தரைவிரிப்பு மொடமொட என்று காய்ந்திருக்கிறது.

கிளம்பும்போது ஒன்று தோன்றியது. டாஷ்போர்டு நடுவில் சின்னப் பிள்ளையார் ஒட்டியிருந்தது. வண்டி வாங்கிய வாரமே வைத்தது என்றார் உரிமையாளர். அவரிடம் கேட்டு, நூலால் அறுத்து மெதுவாக எடுத்தோம். பீடத்துக்கு அடியில் வெயில் படவே இல்லை அல்லவா? பசையைத் துடைத்துவிட்டு அந்த இடத்தையும் சுற்றியுள்ள இடத்தையும் பார்த்தேன். ஒரே கறுப்பு. குனிந்து, சாய்ந்து, போன் விளக்கு அடித்தும் எங்கே வட்டம் முடிகிறது என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

தையல்மிஷின்:
இது எனக்கே தோன்றவில்லை. நாளையிலிருந்து கடைக்கு வருபவர்களுக்குச் சொல்கிறேன்.

ஒரு விஷயம். வாங்கினால் சீட்டுக்கு மேல் இன்னொரு கவர் போடாதீர்கள், என்னிடம் வந்தாலும் போட மாட்டேன். இருக்கிற ரெக்ஸினுக்கும் கவருக்கும் நடுவில் ஈரம் மாட்டிக்கொண்டு இரண்டும் கெடும். பக்கவாட்டில் ஏர்பேக் உள்ள சீட் என்றால் கவர் அதையும் மறித்துவிடும்.

மூன்றாம்கியர்:
தண்ணீரில் மூழ்கியது அந்த ஒரு வண்டி. போலோ என்ற காரே மூழ்கவில்லை. உரிமையாளர் யார், எங்கே நிறுத்தினார் என்பதுதான் அங்கே தோற்றது.

இருங்காட்டுக்கோட்டை_எக்ஸ்பிரஸ்:
அதையேதான் வெயில்கணக்கு வேப்பமரம் என்று சொன்னார். அப்போது கேட்காத மாதிரி இருந்தீர்கள்.

மூன்றாம்கியர்:
நிழல்தேடி, மதுரையில் ஒரு 2021 ஜிடி இருக்கிறது. ஒரே உரிமையாளர், மூடிய ஷெட், மிக்ஜாம் பக்கமே போகாத வண்டி. வெள்ளிக்கிழமை நானே போய்ப் பெல்ட்டை இழுத்துப் படம் அனுப்புகிறேன். அதுவரை யாருக்கும் டோக்கன் கொடுக்காதீர்கள்.

நிழல்தேடி:
கொடுத்துவிட்டேன் அண்ணே. பிள்ளையாரை மட்டும் அவர் எடுத்துக்கொண்டார்.