16 கோல், 100 பாயின்ட்: சாம்பியன்ஷிப்புக்கும் பிரீமியர் லீக்குக்கும் வித்தியாசமே இல்லையா?

டர்ஃப்மூர் தாசன்
பக்கத்துத் திரியில் ஒரு மேதை எழுதியிருக்கார்: "மேலே வர்ற மூணு டீமும் ரிட்டர்ன் டிக்கெட் எடுத்துட்டுத்தான் வருது." அதுக்கு ஏகப்பட்ட லைக் வேற. பிரீமியர் லீக்குக்கு அடுத்த படியான சாம்பியன்ஷிப்லேர்ந்து வருஷா வருஷம் மூணு டீம் ஏறும், மூணு இறங்கும்; ஏறினவங்க உடனே இறங்கிடுவாங்கங்கறார். எங்க பர்ன்லியோட 2024-25 சாம்பியன்ஷிப் கணக்கைப் பாருங்க. 46 ஆட்டம், 28 வெற்றி, 16 டிரா, 2 தோல்வி, 100 பாயின்ட். வாங்கின கோல் 16. முப்பது கிளீன் ஷீட், அதாவது ஒரு கோல்கூட வாங்காத ஆட்டம். இந்த டிஃபென்ஸ் பிரீமியர் லீக்ல இறங்காம தப்பிக்கற கடைசி இடமான 17-ஐப் பிடிக்காதா? அந்த இடத்துல அதே 2024-25-ல 38 பாயின்ட்டோட உட்கார்ந்தது டாட்டன்ஹாம். இடைவெளி இடைவெளின்னு சொல்றதெல்லாம் டிவிக்காரன் ஊதின பலூன்.

கணக்கு வாத்தியார்
16 சரி. இதே பர்ன்லி 2022-23-ல் 101 பாயின்ட் எடுத்து 35 கோல்தான் வாங்கியது. மேலே போனதும் 78 கோல், 24 பாயின்ட். நார்விச் 2020-21-ல் 97 பாயின்ட், 36 கோல்; அடுத்த வருஷம் 84 கோல், 22 பாயின்ட். மேலே 38 ஆட்டம்தான்; எட்டு குறைந்தும் கோல் இரண்டு மடங்குக்கு மேல். இரண்டும் சாம்பியன் பட்டத்தோடு மேலே போன அணிகள்.

டர்ஃப்மூர் தாசன்
35-ம் 16-ம் ஒண்ணா வாத்தியாரே? பாதிக்கும் கீழ. நீங்க சொல்றது அப்போ மேனேஜரா இருந்த கொம்பனியோட டீம், அவர் பந்தை வெச்சு வேடிக்கை காட்டினார். இந்த 16, 2024-25 மேனேஜர் பார்க்கரோட டீம்.

கணக்கு வாத்தியார்
பார்க்கர் என்றதும் ஞாபகம் வருகிறது. 2020-ல் ஃபுல்ஹமை மேலே கொண்டுவந்தார், மறு வருஷமே 28 பாயின்ட்டோடு இறங்கினார்கள். 2022-ல் போர்ன்மத்தை ஏற்றினார். லிவர்பூலிடம் 9-0 வாங்கி ஆகஸ்ட் முடிவதற்குள் வேலை போயிற்று.

16 எப்படி வந்தது என்று பார்ப்போம். சாம்பியன்ஷிப்பில் பர்ன்லியோடு ஆடும் அணி பந்தை இழந்ததும் தன் பெனால்டி பெட்டிக்கு முன்னால் இரண்டு வரிசை கட்டி நின்றுவிடும். பர்ன்லி அவசரப்படாமல் பந்தைச் சுற்றும், ஃபுல்பேக் இருவரும் சேர்ந்து ஏற மாட்டார்கள், சென்டர் பேக்குக்கு முன்னால் எப்போதும் இரண்டு மிட்ஃபீல்டர்கள் நிற்பார்கள். பந்து உங்கள் காலில் இருக்கும்வரை எதிராளி கோல் போட முடியாது. டிஃபென்ஸ் சோதிக்கப்படவே இல்லாத நிமிஷங்கள் அதில் ஏராளம்.

மேலே போனால் பந்து அவன் காலில். உங்கள் சென்டர் பேக் அடிக்கும் முதல் பாஸையே மூன்று பேர் வந்து மறிப்பான். உங்கள் கோல் பக்கத்து மூன்றில் ஒரு பங்கு மைதானத்துக்குள் பந்து வந்தால் இரண்டாவது பாஸே ஷாட். கீழே அந்த ஷாட் வெளியே போகும், மேலே வலையில் விழும். 2024-25 சவுத்தாம்ப்டன் இதற்கு உதாரணம். மேனேஜர் ரஸ்ஸல் மார்ட்டின் சாம்பியன்ஷிப்பில் ஆடியது போலவே கோல்கீப்பரிடமிருந்து சின்னச் சின்னப் பாஸாகக் கட்டினார், டாட்டன்ஹாமிடம் 5-0 வாங்கிய டிசம்பர் ராத்திரியே கிளம்பிவிட்டார். சீசன் முடிவில் 86 கோல், 12 பாயின்ட், ஏழு ஆட்டம் மிச்சமிருக்கும்போதே இறக்கம்.

வெள்ளைச்சேவல்
எங்க டாட்டன்ஹாம் பேரைச் சொல்லிச் சொல்லி எத்தனை நாள் பிழைப்பீங்க? 17-வது இடம்தான். 2025 யூரோப்பா லீக் கோப்பையும் எங்களுக்குத்தான்.

சிவப்புச்சட்டை
கோப்பையை அப்புறம் துடைக்கலாம். உங்க வீட்டுக்கே வந்து இப்ஸ்விச் 2-1, லெஸ்டர் 2-1 ஜெயிச்சுட்டுப் போனாங்க. இறங்கின ரெண்டு டீம்கிட்ட சொந்த மைதானத்துல தோத்தவங்க தரத்தைப் பத்திப் பேசறதா?

வெள்ளைச்சேவல்
உங்க மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு 15-வது இடம், 42 பாயின்ட், பில்பாவோவுல அந்தக் கோப்பை ஃபைனல்ல எங்ககிட்ட 1-0 தோல்வி. சட்டை சிவப்பா, முகம் சிவப்பா?

விளிம்பு
ஒரு சந்தேகம். தரம் என்று எதைச் சொல்கிறோம்? முதல் பதினொரு பேரின் திறமையா, பெஞ்சா, சம்பளப் பட்டியலா? அதை முடிவு செய்துகொண்டு பேசினால்

டர்ஃப்மூர் தாசன்
தரம்னா 16. வேற என்ன? அதோட எல்லா லீக் டீமும் மோதற எஃப்ஏ கோப்பையில பிரீமியர் லீக் சவுத்தாம்ப்டனை அவங்க ஊர்லயே போய் 1-0 அடிச்சோம். அதுலயும் கிளீன் ஷீட்.

கணக்கு வாத்தியார்
12 பாயின்ட் சவுத்தாம்ப்டனை வென்றதற்கு மெடல் குத்தச் சொல்கிறீர்களா? அடுத்த சுற்றில் பிரஸ்டன் உங்களுக்கு மூன்று போட்டது. 3-0. சாம்பியன்ஷிப்பில் 20-வதாக முடித்த பிரஸ்டன்.

டர்ஃப்மூர் தாசன்
கோப்பை ஆட்டத்தை லீக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

கணக்கு வாத்தியார்
அப்போ சவுத்தாம்ப்டனையும் எடுத்துவிடுங்கள்.

கறுப்புப்பூனை
கோப்பைன்னு பேச்சு வந்ததால சொல்றேன். 2025 பிப்ரவரியில லிவர்பூலை 1-0 அடிச்சது பிளிமத், அப்போ சாம்பியன்ஷிப் கடைசி இடம். 2024 செமிஃபைனல்ல சாம்பியன்ஷிப் டீமான கவன்ட்ரி மான்செஸ்டர் யுனைடெட்டோட 3-0 பின்தங்கி 3-3 ஆக்கினாங்க. 120-வது நிமிஷம் கவன்ட்ரி டோர்ப் போட்ட கோலை, கூட ஆடின ரைட்டோட கால்விரல் ஆஃப்சைட்னு வீடியோ ரெஃபரி (விஏஆர்) எடுத்துடுச்சு. இல்லேன்னா சிவப்புச்சட்டைக்கு அன்னிக்கே தீபாவளி.

சிவப்புச்சட்டை
ஆஃப்சைட்னா ஆஃப்சைட். விரலா இருந்தா என்ன, முழங்கையா இருந்தா என்ன.

கறுப்புப்பூனை
முழங்கைக்கு ஆஃப்சைடே கிடையாது தல. ரூலைப் படிச்சுட்டு வாங்க.

கணக்கு வாத்தியார்
லிவர்பூல் அன்றைக்குப் பத்துப் பேரை மாற்றி இறக்கியது. பிளிமத் சீசன் முடிவில் மூன்றாம் படியான லீக் ஒன்னுக்குப் போய்விட்டது. ஒரு நாள் ஆட்டம் வேறு, 38 வாரம் வேறு.

38 வாரக் கணக்கு இது. மேலே வந்த மூன்றும் ஒரே வருஷத்தில் இறங்கியது முதலில் 1997-98-ல்: போல்டன் 40, பார்ன்ஸ்லி 35, பேலஸ் 33, மொத்தம் 108. போல்டன் போனதே கோல் வித்தியாசத்தில்தான். 2023-24-ல் லூட்டன் 26, பர்ன்லி 24, ஷெஃபீல்ட் யுனைடெட் 16, மொத்தம் 66. 2024-25-ல் லெஸ்டர் 25, இப்ஸ்விச் 22, சவுத்தாம்ப்டன் 12, மொத்தம் 59. 2023-24-ல் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டுக்கு 4 பாயின்ட் வெட்டியும் அவர்களுக்கு 32. அதைக்கூட லூட்டனால் எட்ட முடியவில்லை.

டர்ஃப்மூர் தாசன்
அதே ஃபாரஸ்ட் 2022-ல் சாம்பியன்ஷிப்லேர்ந்து வந்தவங்கதானே? 2024-25-ல 65 பாயின்ட், ஏழாவது இடம். 2022-ல் வந்த ஃபுல்ஹம், போர்ன்மத், ஃபாரஸ்ட் மூணும் தப்பிச்சாங்க. இதை மட்டும் நைசா விட்டுட்டீங்களே.

கணக்கு வாத்தியார்
ஃபாரஸ்ட் வந்த கோடையில் இருபதுக்கு மேல் ஆள் வாங்கினார்கள். ஏறி வந்த அணி தப்பவில்லை, புதிதாக வாங்கிய அணி தப்பியது. 2025-ல் ஏறியவர்கள் எல்லோராலும் அதைச் செய்ய ஆகாது. அப்போதைய விதிப்படி ஒரு கிளப் காட்டக்கூடிய நஷ்ட வரம்பு பிரீமியர் லீக்கில் வருஷத்துக்கு 3.5 கோடி பவுண்டு, சாம்பியன்ஷிப்பில் 1.3 கோடி. மூன்று வருஷம் கூட்டினால் மேலேயே இருப்பவனுக்கு 10.5 கோடி. 2025-ல் பர்ன்லியோடு ஏறிய லீட்ஸும் சண்டர்லேண்டும் கணக்கில் வரும் மூன்று வருஷத்தில் இரண்டு வருஷம் கீழே இருந்தவை, ஆகவே 1.3, 1.3, 3.5, மொத்தம் 6.1. உங்கள் பர்ன்லி ஒரு வருஷம்தான் கீழே இருந்தது, 8.3.

டர்ஃப்மூர் தாசன்
பார்த்தீங்களா, பணம்! ஆட்டத் தரம் இல்லை, பணம். நான் சொன்னதைத்தான் நீங்களும் சொல்றீங்க. ஸ்ட்ரைக்கர் டெலாப் சாம்பியன்ஷிப்ல ஹல்லுக்கு 8 கோல்தான் போட்டான், பிரீமியர் லீக்ல இப்ஸ்விச்சுக்கு 12. கீழதான் கஷ்டம்!

கணக்கு வாத்தியார்
ஒரு டெலாப். நார்விச் ஸ்ட்ரைக்கர் பூக்கி சாம்பியன்ஷிப்பில் 29 போட்டு மேலே போனார், அங்கே 11. திரும்பக் கீழே வந்து 26, மறுபடி மேலே 11. அந்த 11-உம் நார்விச்சைக் காப்பாற்றவில்லை. 2024-25-ல் உங்களிடம் பூக்கிகூடக் கிடையாது, அணியிலேயே அதிகமாக 18 கோல் போட்டது பிரவுன்ஹில், ஒரு மிட்ஃபீல்டர். 0-0 ஆட்டத்தைக் கீழே ஒரு பாயின்ட்டாக மாற்றலாம். மேலே 70-வது நிமிஷம் பெஞ்சிலிருந்து ஒருவன் வருவான், அதோடு 1-0. அப்புறம் நீங்கள் வரிசையை உடைத்துக்கொண்டு முன்னேற வேண்டும், பின்னால் நாற்பது மீட்டர் காலி.

கறுப்புப்பூனை
எங்க சண்டர்லேண்டை யாரும் கண்டுக்கலையே! மூணாவது இடத்துக்கான 2025 ப்ளேஆஃப் ஃபைனல், வெம்ப்ளியில 95-வது நிமிஷம் வாட்சன் கோல், 2-1.

வெள்ளைச்சேவல்
கடைசி அஞ்சு லீக் ஆட்டமும் தோத்துட்டு வந்த டீம். கோல் போட்ட வாட்சனையும் பிரைட்டன் முன்னாடியே வாங்கியாச்சு. கொண்டாடுங்க.

கணக்கு வாத்தியார்
லீட்ஸும் பர்ன்லியும் 100, நான்காவது வந்த சண்டர்லேண்ட் 76. ஒரே லீக்குக்குள்ளேயே 24 பாயின்ட் பள்ளம். அந்த 16-ஐ எந்தத் தரத்தோடு மோதி எடுத்தார்கள் என்று யோசியுங்கள். அந்த 16-உம் சும்மா வரவில்லை. 2025 ஜனவரியில் சண்டர்லேண்டோடு 0-0 ஆட்டம், கடைசி நேரத்தில் அவர்களின் இசிடோர் அடித்த இரண்டு பெனால்டியையும் பர்ன்லி கோல்கீப்பர் டிராஃபோர்ட் பிடித்தார். உள்ளே போயிருந்தால் 18.

டர்ஃப்மூர் தாசன்
போகலை இல்ல? பெனால்டி பிடிக்கறதுக்குத்தானே கோல்கீப்பர். 16.

கணக்கு வாத்தியார்
2023-24-ல் 78 கோல் வாங்கிய வருஷத்தில் முக்கால்வாசி ஆட்டத்துக்குக் கம்பத்தடியில் நின்றவரும் அதே டிராஃபோர்ட்தான். கடைசியில் இன்னொரு கோல்கீப்பர் மூரிச்சிடம் இடத்தையே இழந்தார்.

டர்ஃப்மூர் தாசன்
அப்போ அவருக்கு வயசு 21.

சிவப்புச்சட்டை
முழங்கை விஷயம், கை வேற முழங்கை வேறன்னு ரூல்ல எங்க இருக்கு? காட்டுங்க.

கறுப்புப்பூனை
அக்குள் வரைக்கும் கைதான் தல. முழங்கை எங்க இருக்குன்னு முதல்ல தடவிப் பாருங்க.