‘நீலப்பூச்சு’ வேண்டாம், ‘நீலமேற்றல்’ ஆகட்டும்

அன்புள்ள குழுவினருக்கு,

பழைய கைத்துப்பாக்கிகளின் எஃகுக்கு நிறம் தரும் வேலைக்கு (ஆங்கிலத்தில் ‘புளூயிங்’) ‘நீலப்பூச்சு’ என்ற பரிந்துரையை நான் ஏற்கவில்லை. பூசினால் மேலே ஒன்று தங்க வேண்டும். இங்கே எஃகின் மேற்பரப்பே மேக்னடைட் என்னும் கரிய இரும்பு ஆக்சைடாக மாறிவிடுகிறது. நிக்கல் முலாம் உரியும். இந்த நீலம் தேயுமே தவிர உரியாது. ஆகவே ‘நீலமேற்றல்’.

நிறம் பல நேரங்களில் கறுப்புத்தானே என்று ஒரு நண்பர் கேட்டார். உண்மைதான். ஜெர்மானியர்கள் இதையே ‘பழுப்பாக்கல்’ என்ற பொருளில் அழைக்கிறார்கள்! நிறப்பெயரை நம்பாமல், செய்முறையை முன்னொட்டாக்கலாம்.

ஜெர்மானியக் கைத்துப்பாக்கியான பி08 லூகரைப் பாருங்கள். முற்காலத்தவை ‘துருநீலம்’: அமிலக் கரைசலைத் தடவித் துருப்பிடிக்க விடுவார்கள். கொதிநீரில் இட்டதும் செந்துரு கறுக்கும். தூரிகையால் தேய்த்துவிட்டு மறுபடி தடவுவார்கள். 1937இல் அதைத் தயாரித்த மௌசர் ஆலை ‘உப்புநீலத்துக்கு’ மாறியது. அதாவது காரமும் நைட்ரேட் உப்பும் கலந்த, ஏறத்தாழ 140 பாகை செல்சியஸ் சூடுள்ள கரைசலில் முக்குவது. தடவும் முறையில் துப்பாக்கியின் உடற்சட்டத்தின் உட்புறம் நிறமேறாத வெள்ளை எஃகாகவே நிற்கும், முக்கினால் உள்ளும் கறுக்கும். 1916ஆம் ஆண்டு லூகரின் உட்புறம் கறுத்திருந்தால், பிற்காலத்தில் யாரோ கைவைத்திருக்கிறார்கள் என்று ஐயுறலாம். இரண்டையும் ஒரே சொல்லால் குறித்தால் இந்த வேறுபாடே மறைந்துவிடும்.

அதே லூகரின் விசைவில் (சுடும்போது விரலால் இழுக்கும் உறுப்பு) வைக்கோல் மஞ்சளாக மின்னும். அதற்கு ‘பதநிறம்’ என்கிறேன். பதம் கொல்லர் பட்டறைச் சொல். எஃகைச் சுமார் 230 பாகைக்குச் சூடாக்கினால் மஞ்சள், 300 பாகையை நெருங்கினால் மயில்நீலம். மெல்லிய ஆக்சைடுப் படலத்தில் ஒளி செய்யும் வேலை அது. அமெரிக்கக் கைத்துப்பாக்கியான கோல்ட் 1911இன் தொடக்ககால விற்பனை மாதிரிகளின் சிறு உறுப்புகளில் உள்ள பளிச்சிடும் நீலமும் இவ்வகையே. பார்வைக்கு அதுதான் அசல் நீலம், ஆனாலும் நான் அதை நீலமேற்றலில் சேர்க்க மாட்டேன்.

கோல்ட் ஆலை உலையில் எலும்புக்கரியும் எண்ணெயும் இட்டுத் தந்த ஆழ்ந்த நிறத்துக்குக் ‘கரிநீலம்’ என்று எழுதிவைத்திருக்கிறேன். அது கருநீலத்தோடு காதில் குழம்புகிறது. ‘உலைநீலம்’ பொருந்துமா? உங்கள் கருத்தை எழுதுங்கள்.