கைப்பேசிக் காப்பீட்டுக்குக் கட்டிய பணம் உங்களுக்குப் பயன்பட்டதா?

கல்லூரி ஆசிரியர் ஒருவர்:

சென்ற ஆண்டு ஆடித் தள்ளுபடியில் 22,000 ரூபாய்க்குக் கைப்பேசி வாங்கியபோது, ரசீது போட்ட தம்பி, "சார், இன்னும் 1,799 கட்டிவிட்டால் உடைந்தாலும் களவு போனாலும் கவலை இல்லை" என்றார். கட்டினேன். ஐந்தாம் மாதம் திருவிழாக் கூட்டத்தில் சட்டைப்பையிலிருந்து யாரோ கைப்பேசியை உருவிவிட்டார்கள். காவல் நிலையத்தில் புகார் கொடுத்ததற்கு சி.எஸ்.ஆர். எனப்படும் மனு ரசீது கிடைத்தது. காப்பீட்டு நிறுவனமோ, முதல் தகவல் அறிக்கை இல்லாமல் கோரிக்கையைப் பதிவு செய்யவே முடியாது என்று சொல்லிவிட்டது. மூன்று முறை அலைந்து அதையும் வாங்கி அனுப்பினேன். (அதன் நகலைக் கட்டணமின்றிப் பெறுவது புகார் கொடுத்தவரின் உரிமை.) பதினெட்டாம் நாள் வந்த பதிலில், பூட்டை உடைத்தோ பலவந்தமாகப் பறித்தோ எடுத்துச் சென்றால்தான் அது களவு என்றும், பையிலிருந்து தெரியாமல் போனது அதில் சேராது என்றும் கண்டிருந்தது. தேடிப் பார்த்தால், நான் கையெழுத்திட்ட தாளின் பின்புறத்தில் எறும்பு ஊர்வது போன்ற எழுத்தில் அந்த நிபந்தனை இருக்கத்தான் செய்தது.

உருப்படியாக நடந்தது ஒன்றே: அதே எண்ணுக்கு மாற்று சிம் வாங்கி, மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் புகார் நகலை ஏற்றி, கைப்பேசிப் பெட்டியின் மீதிருந்த, ஒவ்வொரு கைப்பேசிக்கும் தனி அடையாளமான 15 இலக்க ஐஎம்இஐ எண்ணை முடக்கினேன். அதற்கு ஒரு பைசாகூடச் செலவில்லை.

இருசக்கர வாகனத்தில் வேலைக்குச் செல்லும் பெண் ஒருவர்:

ஐயா, உங்கள் வருத்தம் நியாயமானது. ஆனாலும் என் கணக்கு வேறு. நான் திரைக்கு மட்டுமான திட்டத்தை 899 ரூபாய்க்கு எடுத்திருந்தேன். பெட்ரோல் பங்கில் பணம் செலுத்த எடுத்த கைப்பேசி கை நழுவிக் குப்புற விழுந்தது. வளைந்த விளிம்புள்ள திரை என்பதால் மூலையிலிருந்து பச்சைக் கோடு ஓடி, பாதித் திரை இருண்டுவிட்டது. சேவை மையத்தில் 11,400 ரூபாய் மதிப்பீடு எழுதினார்கள். நான் கட்டியது கோரிக்கைக் கட்டணம் 500 மட்டுமே. ஆறு நாள் கைப்பேசி இல்லாமல் இருந்ததும், உள்ளே இருந்தவற்றை முழுவதும் அழித்துத் தந்ததும்தான் குறை. திரையை மாற்றும் செலவு கைப்பேசி விலையில் பாதியை நெருங்குமானால் இத்தகைய திட்டத்தை எடுக்கலாம். ஒன்பதாயிரம் ரூபாய்க் கைப்பேசிக்கு எடுப்பதை வீண் என்றே சொல்வேன்.

ஓய்வு பெற்ற வங்கி ஊழியர் ஒருவர்:

மழையில் நனைந்த என் கைப்பேசியின் சிம் தட்டுப் பகுதியில், நீர் பட்டால் நிறம் மாறும் ஈரங்காட்டி சிவந்திருந்ததால், தயாரிப்பாளரின் உத்தரவாதம் பொருந்தவில்லை. காப்பீடு பொருந்தியது, ஆனால் பத்து மாதத் தேய்மானத்தைக் கழித்துப் பாதிக்கும் குறைவாகவே கொடுத்தார்கள். ஆசிரியர் ஐயா 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியலாம். அதில் தீரவில்லை என்றால், 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி தாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். பொருளுக்கோ சேவைக்கோ செலுத்திய தொகை ஐந்து லட்சம் வரை என்றால் வழக்குக் கட்டணம் கிடையாது. கடையில் தந்த காப்பீட்டு விளம்பர வண்ணத்தாளைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

கல்லூரி ஆசிரியர்:

நன்றி. வண்ணத்தாள் பத்திரமாக இருக்கிறது. வழக்குத் தொடுக்க எண்ணியுள்ளேன். புதிய கைப்பேசிக்குக் காப்பீடு எடுக்கவில்லை. சட்டைகளுக்கு உட்பை தைத்துத் தரத் தையற்காரர் ஒன்றுக்கு அறுபது ரூபாய் வாங்கினார்.