அதே மாடல், இரண்டு முறை ட்ரெயின் செய்தால் வேறு வேறு பதில்?

கேள்வி: அதே டேட்டா, அதே லேயர்கள். இரண்டு முறை ட்ரெயின் செய்தேன், அக்யூரசி கிட்டத்தட்ட ஒன்றுதான், ஆனால் தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றில் 0.8 வருகிற உதாரணம் மற்றதில் 0.3. ரெலுவை (ReLU, மைனஸ் எண்ணை 0 ஆக்கி மற்றதை அப்படியே விடும் ஆக்டிவேஷன் ஃபங்ஷன்) மாற்றினால் சரியாகுமா?

பதில்: ரேண்டம் சீடை (ரேண்டம் எண்கள் தொடங்கும் எண்) ஃபிக்ஸ் செய்தீர்களா?

கேட்டவர்: செய்தேன். அப்புறமும் இப்படித்தான்.

பதில்: ஜிபியுவில் எண்களைக் கூட்டும் வரிசை மாறினாலே கடைசி இலக்கம் மாறிவிடும். ரெலுவின் சாய்வு பூஜ்யத்தில் 0-இலிருந்து 1-க்கு ஒரே தாவலாகத் தாவுகிறது, அதனால் லாஸ் பரப்பு (மாடலின் பிழை ஏறி இறங்கும் பரப்பு) முழுக்கக் குட்டிக் குட்டிப் பள்ளங்கள், துளி வித்தியாசம்கூட வேறொரு பள்ளத்தில் கொண்டுபோய்த் தள்ளிவிடும். ரெலுவுக்குப் பதில் ஸ்மீலு (SmeLU, அதன் வழவழப்பான வடிவம்) போட்டுப் பாருங்கள். பீட்டா நாமே வைக்கும் ஒரு பாசிட்டிவ் எண். உள்ளீடு மைனஸ் பீட்டாவுக்குக் கீழே இருந்தால் 0, பீட்டாவுக்கு மேலே அச்சு அசல் ரெலு, நடுவில் மட்டும் உள்ளீட்டோடு பீட்டாவைக் கூட்டி, வர்க்கம் எடுத்து, 4 பீட்டாவால் வகுக்க வேண்டும். பீட்டா 1 என்றால் பூஜ்யத்தில் 0.25. எழுத மூன்று வரி போதும்.

கேட்டவர்: கெலு (GELU, இன்னொரு ஆக்டிவேஷன் ஃபங்ஷன்) போதாதா?

பதில்: அதுவும் வழவழப்புதான், ஆனால் பூஜ்யத்துக்குக் கீழே கொஞ்சம் இறங்கி ஏறும். ஸ்மீலுவில் அந்த இறக்கம் இல்லை, கணக்கும் லேசு. பீட்டாவை ரொம்ப ஏற்றாதீர்கள், நேர்கோடு மாதிரி ஆகி அக்யூரசி அடிவாங்கும். ரொம்பக் குறைத்தால் பழைய ரெலுதான். எப்படியும் வித்தியாசம் குறையுமே தவிர மறையாது.