சுங்கை சிப்புட்லயே தீபாவளி சாமான் முடிச்சிட்டு அம்மாவ ஒரு நாள் வெளிய கூட்டிட்டு போகணும், யோசனை சொல்லுங்க

லயத்துவீட்டுப் பொண்ணு

எல்லாருக்கும் வணக்கம். நான் பொறந்து வளந்தது மலேசியா பேராக்ல சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துல, கல்யாணம் ஆகி பதினாலு வருஷமா கோலாலம்பூர்ல இருக்கேன். தோட்டத்த செம்பனையா, அதான் பாமாயில் மரமா, மாத்துனதுக்கப்புறம் அம்மா டவுன் பக்கம் தாமான் (குடியிருப்பு) வீட்டுக்கு வந்துட்டாங்க, அப்பா தவறி மூணு வருஷம் ஆகுது. வழக்கமா தீபாவளிக்கு முந்தின நாள் ராத்திரி ஜாம்ல மாட்டி விடியக்காலையில போய் சேருவோம், விடிஞ்சா எண்ணெய் குளியல், அடுத்த நாளே கிளம்பிடுவோம், அம்மாகிட்ட ஒக்காந்து பேசக்கூட நேரம் இருக்காது. இந்த வாட்டி அஞ்சு நாள் முன்னாடியே லீவு போட்டுட்டேன்.

போன வருஷம் எல்லாத்தையும் ஆன்லைன்ல ஆர்டர் பண்ணேன். மக பட்டுப் பாவாடை தீபாவளி முடிஞ்சு ரெண்டு நாள் கழிச்சு வந்துச்சு, அதுவும் அளவு பத்தல, பிள்ளை அழுததுல எனக்கும் மனசு ஒடைஞ்சு போச்சு. அதனால இந்த வருஷம் அம்மா கூட டவுனுக்குள்ள நடந்து நடந்து வாங்கணும்னு ஆசை. வீட்டுக்காரரு ஈப்போ லிட்டில் இந்தியாவுக்கு ஒரு நாள் போயிட்டா எல்லாம் முடிஞ்சிரும்ங்கிறாரு, ஆனா அம்மாவுக்கு முட்டி வலி, அந்தக் கூட்டத்துல நிக்க முடியாது. நம்ம டவுன்லயே எல்லாம் கெடைக்குமா? அப்புறம் அம்மாவையும் ரெண்டு பிள்ளைங்களையும் ஒரு நாள் எங்கயாவது கூட்டிட்டுப் போகணும், அருவி மாதிரி எடமா இருந்தா பிள்ளைங்களுக்குப் பிடிக்கும். தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பலகாரக்கார அக்கா

வாம்மா, நல்ல முடிவு எடுத்திருக்க. நான் இருபது வருஷத்துக்கு மேல பலகாரம் போட்டு விக்கிறேன், அதனால எனக்குத் தெரிஞ்சத சொல்றேன். ரவிக்கை தைக்கணும்னா இப்பவே போன்ல டைலர்கிட்ட பேசிரு, தீபாவளிக்கு ஒரு மாசம் இருக்கறப்பவே நம்ம ஊர் டைலருங்க துணி வாங்கறத நிறுத்திருவாங்க, அஞ்சு நாளைக்கு முன்னாடி வந்து நின்னா யாரும் தைச்சுத் தர மாட்டாங்க. அம்மாகிட்ட பழைய அளவு ரவிக்கை இருந்தா அதையே கொடுத்துவிடச் சொல்லு. பிள்ளைங்களுக்கு ரெடிமேட் கடையிலயே கெடைக்கும், கையோட போட்டுப் பாத்து வாங்கிரலாம், அளவு பத்தலன்னு அழுகையே வராது.

முறுக்குக்கு அரிசி அரைக்கற மில்லுல கடைசி வாரம் வாளியும் சட்டியுமா வரிசை நிக்கும், காலையில கடை தொறந்ததும் போயிரு. அரிசிய ஊற வச்சு, துணியில விரிச்சு ஈரம் லேசா ஒட்டுற பதத்துல கொண்டு போகணும், சொட்டச் சொட்ட கொண்டு போனா மில்காரரு திருப்பி அனுப்பிருவாரு. உளுந்த வாசம் வர்ற வரைக்கும் வறுத்து ஆற வச்சுத் தனியா அரைச்சுக்கோ. அச்சு முறுக்குக்கு மட்டும் தேங்காப்பால் அன்னன்னைக்குப் புழிஞ்சதா இருக்கணும், பெட்டியில வர்ற பால்ல செஞ்சா அந்த மணம் வராது, இது என் அனுபவம்.

ஆட்டுக்கறி முந்தின நாள் வாங்கிக்கலாம்னு விட்ராத. நம்ம ஊர்ல நாலஞ்சு வீடு சேந்து ஒரு ஆட்ட பங்கு போட்டு எடுக்கறது இன்னும் இருக்கு, அம்மாவோட தாமான்ல கேட்டுப் பாரு. கம்போங் கோழியும் (நாட்டுக்கோழி) அப்படித்தான், சொல்லி வைக்கணும். அப்பாவுக்குப் படையல் போடுவீங்கல்ல, வாழை இலை, வெத்தலை, கருவாடு எல்லாம் காலை மார்க்கெட்லயே வாங்கிரு, பசார் மாலாம்ல, அதான் ராத்திரி சந்தையில, அந்த மாதிரி சாமான் நல்லதா வராது, அங்க பிள்ளைங்களுக்கு அப்பம் பாலிக், தண்ணி கிண்ணின்னு வாங்கிக் குடுக்கறதோட சரி.

காண்டாவாளி

அக்கா சொன்னது அத்தனையும் சரி. நான் இங்கயேதான் இருக்கேன் தங்கச்சி, அதனால அருவி விஷயத்துல கொஞ்சம் கண்டிப்பாவே பேசுறேன், தப்பா நெனைக்காத. ஐப்பசி மாசம் நம்ம பக்கம் எப்படின்னு ஒனக்குத் தெரியும், காலையில வெயில் சுள்ளுன்னு அடிக்கும், மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல இடி மின்னலோட கொட்டும். உலு கெனாஸ் அருவி அழகான எடம்தான், நான் எத்தனையோ தடவை போயிருக்கேன், ஆனா மலையில பேஞ்ச மழை கீழ நிக்கிறவனுக்குத் தெரியாது, இங்க வெயில் அடிக்கும், மேலருந்து கெப்பாலா ஆயர், அதான் திடீர் காட்டு வெள்ளம், வந்துரும். ஒரு தடவை நாங்க பாறை மேல ஒக்காந்து சாப்பிட்டுக்கிட்டு இருந்தோம், கண்ணாடி மாதிரி இருந்த தண்ணி திடீர்னு தே தாரே (பால் டீ) கலருக்கு மாறுது, எலையும் குச்சியும் மெதந்து வருது, எங்க மச்சான் "ஏறு ஏறு"ன்னு கத்துனாரு, சோத்துப் பொட்டலத்த அப்படியே போட்டுட்டு கரைக்கு ஏறுனோம், ரெண்டு நிமிஷம்கூட இருக்காது, நாங்க ஒக்காந்திருந்த பாறை தண்ணிக்குள்ள. தண்ணி கலங்குனா, எலை தழை வந்தா, மேல எரைச்சல் கேட்டா உடனே கரையேறிறணும், சாமான எடுக்கறேன்னு நிக்கக் கூடாது. முட்டி வலி உள்ள அம்மாவும் சின்னப் பிள்ளைங்களும் அந்த ரெண்டு நிமிஷத்துல ஏற முடியுமா? அருவிய வேற மாசத்துக்கு வச்சுக்கோ.

என் யோசனை பக்கத்து டவுன் கோலகங்சார். பழைய ரோட்டுலயே போயிரலாம், டோல் வேண்டாம். போற வழியில காராய் பக்கம் திரும்புனா விக்டோரியா பாலம், 1900-ல கட்டி முடிச்ச ரயில் பாலம், இப்ப ரயில் பக்கத்துல இருக்கற புதுப் பாலத்துல போகுது, பழையதுல ஓரமா நடந்து பேராக் ஆத்த பாக்கலாம், பிள்ளைங்களுக்கு ரொம்பப் பிடிக்கும். கோலகங்சார்ல ஆத்தங்கரை ஒட்டுக்கடையில லக்சா, செண்டோல் சாப்பிட்டுக்கோங்க.

அதுக்கப்புறம் முக்கியமான எடம். டிஸ்ட்ரிக்ட் ஆபீஸ் பக்கம் ரோட்டோரமா ஒரு ரப்பர் மரம் இருக்கு, சுத்தி வேலி போட்டு போர்டு வச்சிருக்காங்க. 1877-ல நட்டது. பிரேசில்லருந்து லண்டன் கியூ தோட்டத்துக்குப் போன வெதையில மொளைச்ச கன்னு கப்பல்ல இங்க வந்து, கோலகங்சார்ல நட்டதுல மிஞ்சி நிக்கிறது அது. நம்ம தாத்தா பாட்டி கப்பலேறி வந்ததுக்கும், நாம தோட்டத்து லயத்து வீட்டுல பொறந்ததுக்கும் அந்த மாதிரி கன்னுங்கதான் தொடக்கம். பால்மரம் வெட்டுன அம்மாவ அங்க ஒரு தடவை கொண்டு போய் நிறுத்து.

சாயோங் மருமவ

நான் இருக்கறது கோலகங்சார்தான், அண்ணன் சொன்னதோட ஒண்ணு சேத்துக்கோங்க. ஆத்துக்கு அந்தப் பக்கம் சாயோங்ல லாபுங்கற மண் கூஜா செய்யற வீடுங்க இருக்கு, கம்போங் கெப்பாலா பெண்டாங்னு கேட்டா காட்டுவாங்க. களிமண்ண சொரக்கா மாதிரி உருட்டி சுட்டு, நெருப்புலருந்து எடுத்த சூட்டோட நெல்லு உமியில பொதைச்சிருவாங்க, உமி பொகைஞ்சு அந்தக் கறுப்பு ஏறிக்கும், கேட்டா பிள்ளைங்களுக்கு நின்னு காட்டுவாங்க. தண்ணி வைக்க வாங்கறதா இருந்தா வார்னிஷ் அடிச்சு பளபளன்னு இருக்கறத வாங்காதீங்க, அது அலங்காரத்துக்கு. சாதாரண லாபுலதான் தண்ணி மண் வழியா லேசா கசிஞ்சு காத்துல காயும், அதனாலதான் உள்ள ஜில்லுனு இருக்கு. வாங்கறப்ப விரலால தட்டிப் பாருங்க, கணீர்னு கேட்டா நல்லது, மொத்தையா சத்தம் வந்தா எங்கயோ விரிசல் இருக்கும்.

காலையில எட்டு மணிக்கெல்லாம் கிளம்பிருங்க, மழைக்கு முன்னாடி வீட்டுக்கு வந்துரலாம்.

லயத்துவீட்டுப் பொண்ணு

அக்கா, அண்ணா, எல்லாருக்கும் ரொம்ப நன்றி, அருவிய விட்டாச்சு அண்ணா, நீங்க சொன்னத படிச்சதும் எனக்கே கை நடுங்கிருச்சு. டைலர்கிட்ட நேத்தே பேசிட்டேன், அம்மா ரவிக்கையோட போயிட்டு வந்துட்டாங்க. ஆட்டுப் பங்குக்கு பக்கத்து வீட்டு அத்தை ஏற்கனவே நம்ம பேரையும் சேத்து வச்சிருக்காங்களாம், அஞ்சு வீடு.

ராத்திரி அம்மாகிட்ட போன்ல அந்த மரத்தப் பத்தி சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே காணோம். அப்புறம், "அந்த மரத்துல இப்ப யாராச்சும் பால் வெட்டுறாங்களா, பட்டை எப்படி இருக்கு, பழைய வெட்டு தெரியுதா"ன்னு கேட்டாங்க. முப்பத்தொரு வருஷம் விடியறதுக்கு முன்னாடி நெத்தி லைட்ட கட்டிக்கிட்டு ரப்பர் மர நெறைக்குப் போனவங்க, மழை பேஞ்சு மரம் ஈரமா இருந்தா வேலை இல்ல, அன்னிக்கு சம்பளமும் கொறையும், ஐப்பசியில தீபாவளிச் செலவுக்கு அப்பாவும் அவங்களும் எப்படி சமாளிச்சாங்கன்னு எனக்கு இப்பத்தான் யோசனை வருது.

அண்ணா, நீங்க அந்தப் பக்கம் போனா பட்டைய கொஞ்சம் பாத்து சொல்றீங்களா? அம்மா தெனம் கேக்கறாங்க.

காண்டாவாளி

நாளைக்கு கோலகங்சார்ல வேலை இருக்கு தங்கச்சி, பாத்துட்டு வந்து சொல்றேன். ரொம்ப வயசான மரம், அடி பெருத்து முண்டும் முடிச்சுமா இருக்கும்னு அம்மாகிட்ட இப்பவே சொல்லி வை. வேலிக்கு வெளிய நிழல்ல ஒக்கார ஒரு மடக்கு நாற்காலி காருல போட்டுக்கோ, அவங்க சீக்கிரம் கிளம்ப மாட்டாங்க.