புதுப்பிப்பு: நண்பர்களோடு வெளிநாடு, ரியூனியன்தான்

மொரீசியஸிலிருந்து நாலு நண்பர்கள் ஒரு வாரத்துக்குள் போய்வர, கையைக் கடிக்காத வெளிநாடு எது என்று கேட்டிருந்தேன். மடகாஸ்கர், கோலாலம்பூர், பக்கத்திலிருக்கும் பிரெஞ்சுத் தீவான ரியூனியன் என்று ஆளுக்கொன்று சொன்னீர்கள். ரியூனியனுக்கு டிக்கெட் போட்டாச்சு.

கோலாலம்பூரில் சாப்பாடும் தங்கலும் மலிவுதான். விமானக் கட்டணம் அந்த மலிவை விழுங்கிவிடுகிறது. மடகாஸ்கரில் ஊருக்கு ஊர் போகவே நாள் போய்விடும். ரியூனியனுக்குப் பறக்க முக்கால் மணி நேரம், விசாவும் வேண்டாம்.

அங்கே செலவு யூரோவில் என்பதுதான் பயம். அதனால் கடற்கரை ஹோட்டலை விட்டுவிட்டு மலைக்குப் போகிறோம். மலைகள் சூழ்ந்த மஃபாத் பள்ளத்துக்குச் சாலையே கிடையாது. நடந்து போகலாம், இல்லை ஹெலிகாப்டர். சிலாவோஸ் என்ற மலையூர்ப் பக்கமிருந்து தாய்பிட் கணவாய் ஏறி இறங்கினால், பள்ளத்துக்குள் மார்லா என்ற சிற்றூர். அங்கே ‘ஜீத்’ என்னும் எளிய விடுதியில் கட்டில், இரவுச் சாப்பாடு எல்லாம் சேர்த்து ஒரே கட்டணம். சரக்கெல்லாம் ஹெலிகாப்டரில் வருவதால் குளிர்பானத்துக்குக்கூட நல்ல விலை. நொறுக்குத்தீனியைக் கீழேயே வாங்கிக்கொள்ள வேண்டும்.

வாடகைக் கார் வேண்டாம் என்றாகிவிட்டது. அங்கே வலப்பக்கம் ஓட்ட வேண்டும். எங்கள் ஓட்டுநர் இடப்பக்கமே தடுமாறுபவர்! பொதுப் பஸ்ஸே போதும். அப்புறம், திரும்பும் நாளில் சேன்ட் ஆந்த்ரே ஊரின் தமிழ்க் கோயிலுக்கு ஒரு நடை.