அடையில் இருக்கும் முட்டை விரிசல் விட்டால் என்ன செய்கிறீர்கள்?

மானாமதுரையிலிருந்து:
எங்கள் சிறுவிடைக் கோழி ஒன்று அடையில் உட்கார்ந்து ஒரு வாரம் தாண்டிவிட்டது. நேற்று சாயங்காலம் அது தீனிக்கு இறங்கின நேரம் பார்த்தால், ஒரு முட்டையில் மயிரிழை அளவுக்கு விரிசல். முட்டையிட இடம் தேடி வந்த இன்னொரு பெட்டை கூடைக்குள் ஏறி மிதித்த வேலை. இருட்டினதும் செல்போன் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். ரத்த நரம்பு நன்றாகப் பரவியிருந்தது, நடுவில் கரு அசைவதும் தெரிந்தது. ஓட்டுக்கு அடியில் உள்ள சவ்வு கிழியவில்லை, விரல் வைத்தால் ஈரம் ஒட்டவில்லை. அதனால் தூக்கிப்போட மனசு வரவில்லை. மெழுகுவத்தியை உருக்கி, கொஞ்சம் ஆறவிட்டு, விரிசல் மேல் மட்டும் மெல்லிசாகத் தடவி அடியில் வைத்துவிட்டேன். முட்டை முழுக்கப் பூசினால் உயிர் போய்விடும், ஓட்டில் இருக்கும் நுண்துளை வழியாகத்தானே காற்று போய்வருகிறது. இப்படிச் செய்து குஞ்சு பொரித்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

கரூரிலிருந்து:
எனக்குப் பொரித்திருக்கிறது. ஆனால் எல்லாம் தேறும் என்று நம்பி உட்காராதீர்கள். அடை வைத்த முதல் சில நாளில் விரிசல் விட்டால் 21 நாள் போவதற்குள் உள்ளே ஈரம் வற்றிவிடும், கிருமியும் ஏறும். சவ்வு கிழிந்து கசிந்தால் யோசிக்கவே வேண்டாம், அன்றைக்கே எடுத்துவிடுங்கள். பாவம் பார்த்து விட்டுவைத்தால் மற்ற முட்டைக்கும் சேர்த்து ஆபத்து.

போன கோடையில் எங்கள் வீட்டில் ஒரு கூமுட்டை அடையிலேயே வெடித்துவிட்டது. நாற்றம் வாசல் வரைக்கும். மஞ்சளும் பச்சையுமாக ஒரு குழம்பு எல்லா முட்டையிலும் ஒட்டி, கோழியின் வயிற்று இறகெல்லாம் பிசுக்கு. வைக்கோலை மொத்தமாக மாற்றினோம். மற்ற முட்டைகளை வெதுவெதுப்பான தண்ணீரில் பிழிந்த துணியால் துடைத்தோம். பச்சைத் தண்ணீர் மட்டும் கூடாது. சூடான முட்டையில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் உள்ளே இருப்பது சுருங்கி, மேலே இருக்கும் அழுக்கைத் துளை வழியாக உள்ளே இழுத்துக்கொள்ளும். அதற்கப்புறம் ஏழாம் நாள், பதினாலாம் நாள் வெளிச்சம் வைத்துப் பார்த்து, கரு கூடாததை அப்போதே எடுத்துவிடுகிறேன்.

புதுக்கோட்டையிலிருந்து:
தம்பி, மெழுகு இருக்கட்டும், முதலில் கூடையைக் கவனிங்க. அடியில் ஆற்று மணலைக் கொட்டி, நடுவில் கையால் குழி பண்ணி, மேலே வைக்கோல் போட்டால் முட்டை ஒன்றோடு ஒன்று இடிக்காது. எங்க அம்மா கூடைக்குள் கரித்துண்டு, மிளகாய் வத்தல், ஒரு இரும்பாணி மூன்றையும் போடுவாங்க, இடி இடித்தால் முட்டை கெட்டுப்போகும் என்று. ஆணியால் எனக்கு ஒன்றும் ஆனதாகத் தெரியவில்லை, மணல்தான் காப்பாற்றியது. ஆசைப்பட்டு இருபது முட்டை வைக்காதீங்க. நாட்டுக்கோழி நெஞ்சுக்குப் பத்துப் பன்னிரண்டு போதும்.

செள்ளு பிடித்திருக்கிறதா என்றும் பாருங்க. கடி தாங்காமல் கோழி எழுந்து எழுந்து உட்காரும், அதில்தான் பாதி உடையும். உடைந்த முட்டையைக் கோழி கண் முன்னாடி போடாதீங்க. ருசி கண்டுவிட்டால் நல்ல முட்டையையும் கொத்த ஆரம்பித்துவிடும்.

தர்மபுரியிலிருந்து:
ஒன்று சேர்க்கிறேன். பக்கத்து வீட்டு அக்கா இருபதாம் நாள் ஓடி வந்தார், “முட்டை உடைஞ்சு போச்சு, தூக்கிப் போட்டுடவா?” என்று. போய்ப் பார்த்தால் அகலமான முனைப் பக்கம் நட்சத்திரம் போல ஒரு வெடிப்பு, ஓட்டுத்துணுக்கு வெளிப்பக்கமாக மேடு தட்டி நிற்கிறது. காதருகே வைத்தால் உள்ளேயிருந்து கீச்சுச் சத்தம். குஞ்சு மூக்கால் தட்டிய இடம் அது. வெளியிலிருந்து அடிபட்டது என்றால் ஓடு உள்பக்கம் குழியும். இரண்டையும் குழப்பிக்கொண்டால் உயிருள்ள குஞ்சைக் குப்பையில் போட்டுவிடுவோம். முதல் துளை விழுந்து முழுசாக வெளியே வர ஒரு நாள் கூட ஆகலாம். அவசரப்பட்டு ஓட்டை உரித்தால் சவ்வில் இன்னும் ஓடுகிற ரத்தம் வடிந்துவிடும். பதினெட்டாம் நாளுக்கப்புறம் கூடைக்குள் கை விடாமல் இருப்பதே நல்லது.

மானாமதுரையிலிருந்து:
எல்லாருக்கும் நன்றி. இன்றைக்கு மணல் மாற்றிவிட்டேன், முட்டைகளில் பென்சிலால் குறியும் போட்டாச்சு, புதிதாக யாராவது வந்து இட்டால் தெரிந்துவிடும். ஏறி மிதித்த பெட்டை காலையில் இட்டு முடிக்கும் வரைக்கும் பஞ்சாரத்துக்குள் இருக்கிறது. மெழுகு தடவினதைப் பதினாலாம் நாள் வெளிச்சத்தில் பார்த்துவிட்டு இங்கேயே எழுதுகிறேன். செள்ளுக்கு வேப்பிலை தவிர வேறு என்ன போடுகிறீர்கள், சொல்லுங்கள்.